அம்மாவுக்கு 63 வயது: சிவனொளிபாதமலை ஏற முடியுமா?

தோபாயோ_மகள்:

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி என்னுடையது, ஆசை அம்மாவுடையது.

போன மாதம் இங்கே சிங்கப்பூரில் ரேஸ் கோர்ஸ் ரோட்டில் சாப்பிட்டுவிட்டு ஃபேரர் பார்க் எம்ஆர்டி ரயில் நிலையம் பக்கம் நடந்து வந்தோம். வெயில் தாங்கவில்லை என்று ஆயிர விளக்குப் புத்தர் கோவிலுக்குள் ஒதுங்கினோம். நாற்பது வருடமாக அந்த வாசலைத் தாண்டிப் போகிறவர் அம்மா, உள்ளே காலை வைத்தது அன்றுதான். 15 மீட்டர் உயரப் புத்தரை அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டார். அதைவிட அதிக நேரம் நின்றது, கருங்காலி மரத்தில் சிப்பி பதித்துச் செய்த ஒரு பெரிய பாதத்துக்கு முன்னால். அது இலங்கையில் ஒரு மலை உச்சியில் இருக்கிற பாதத்தின் நகல் என்று போனில் படித்துச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். அன்றிலிருந்து வீட்டில் ஒரே பேச்சு: "அசல் இருக்கிற இடத்துக்கு எப்போது போகிறோம்?"

அம்மாவுக்குச் சர்க்கரை இல்லை. ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை. இடது முழங்கால் மழைக்காலத்தில் கொஞ்சம் முணுமுணுக்கும். வருடா வருடம் மலேசியாவில் பத்துமலை முருகன் கோவிலின் 272 படியும் ஏறுகிறவர், அதனால் "இதுவும் அந்த மாதிரிதானே" என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

போய் வந்தவர்கள் சொல்லுங்கள். எந்த மாதம் நல்லது? ராத்திரிதான் ஏற வேண்டுமா? அம்மா சைவம், வழியில் என்ன கிடைக்கும்? முக்கியமாக, 63 வயதில் இது நடக்கிற காரியமா?

கப்பல்பட்டறை_மாமா:

நடக்கிற காரியம்தான். ஆனால் ஒன்று கேட்கிறேன், உங்கள் புளோக்கில் எத்தனை மாடி? ஏன் கேட்கிறேன் என்று கடைசியில் புரியும்.

நான் ஏறியது 2024 பிப்ரவரியில், சீனப் புத்தாண்டு விடுமுறையை ஒட்டி. அப்போது வயது 56. முப்பது வருடம் கப்பல்பட்டறையில் ஏணி ஏறி இறங்கியவனுக்கு இது என்ன பெரிசு என்ற நினைப்பு. இருந்தாலும் பயிற்சி எடுத்தேன். எங்கள் புளோக்கில் 12 மாடி. ஆறு வாரம், தினமும் சாயங்காலம் கீழே இருந்து மேலே பத்துச் சுற்று. மேலே போனதும் லிப்ட் பிடித்து வாய்டு டெக்குக்கு (கீழ்த்தளத்துத் திறந்த கூடம்) இறங்குவேன், மறுபடி ஏறுவேன். அண்டை வீட்டு ஆட்கள் பார்த்துச் சிரித்தார்கள். நான் கண்டுகொள்ளவில்லை.

மலையின் உயரம் 2,243 மீட்டர். நாம் ஏறத் தொடங்கும் நல்லதண்ணி என்ற ஊரே 1,200 மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆக, காலால் ஏற வேண்டியது சுமார் ஆயிரம் மீட்டர். நம் புக்கித் தீமா குன்று 163 மீட்டர்தான். எங்கள் 12 மாடி புளோக் கணக்கில் முப்பது தடவை. படிகள் ஐயாயிரத்துக்கு மேல். உங்கள் அம்மா கணக்கில் பத்துமலை இருபது தடவை. ஒரு வழி மட்டும் ஏழு கிலோமீட்டர். படி ஒன்று சாண் உயரம், அடுத்தது முழங்கால் உயரம், அதற்கு அடுத்தது இரண்டு எட்டு வைக்கிற அகலம். கால் ஒரு தாளத்துக்கு வரவே வராது.

நாங்கள் தங்கிய இடத்தில் ஒருவர், "மூணு மணி நேரம் போதும் சார், மூணு மணிக்குக் கிளம்புங்க" என்றார். நானும் மச்சானும் அதை நம்பினோம். முதல் ஒரு மணி நேரம் சுலபம், ஏறக்குறைய தட்டையான பாதைதான். தேயிலைத் தோட்டம், ஒரு தோரணம், சீத கங்குல என்று ஒரு ஓடை, ஜப்பானியப் பிக்குகள் கட்டிய வெள்ளைத் தூபி. அதற்கு அப்புறம் படி செங்குத்தாகிறது. அன்று அமாவாசை கழிந்த நேரம், வானம் கன்னங்கரேல் என்று இருந்தது. அந்தக் கருப்பில் பாதை விளக்குகள் மட்டும் மேலே மேலே போய்க்கொண்டே இருக்கின்றன. கடைசி விளக்கை நட்சத்திரம் என்றே நினைத்தேன். மச்சான்தான் சொன்னான், "மாமா, அது டியூப்லைட்டு." அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்த இடம் தேநீர்க் கடை. தார்ப்பாய்க் கூரை, பலகைப் பெஞ்சு, விறகடுப்பு. இஞ்சி தட்டிப் போட்ட, பால் இல்லாத பிளேன்டீ, அதாவது நம்ம தே ஓ. சர்க்கரையைக் கலக்காமல், ஒரு துண்டு கருப்பட்டியைக் கையில் கொடுத்தார்கள். எனக்கு விளங்கவில்லை, டம்ளருக்குள் போடப் போனேன். பக்கத்தில் இருந்த பெரியவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். தன் துண்டைக் கடித்து, ஒரு வாய் தேநீர் குடித்து, மறுபடி கடித்துக் காட்டினார். ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போதும் வீட்டில் மழை நாளில் நான் அப்படித்தான் குடிக்கிறேன், மனைவி திட்டுவாள்.

உச்சிக்குப் போய்ச் சேர ஏழு மணி ஆகிவிட்டது. சூரியன் ஆறரைக்கே வந்துவிட்டது, நான் அப்போது இரும்புக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியில் நிற்கிறேன். நல்லவேளை, அந்தப் பாதையில் கிழக்கு நம் முதுகுப் பக்கம். திரும்பி நின்றே பார்த்துவிட்டேன். மேலே போனதும் சிலர் எதிர்ப்பக்கச் சுவர் ஓரமாக ஓடினார்கள், நானும் ஓடினேன் (ஓடினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது). மலையின் நிழல் மேற்கே பனிமூட்டத்தின் மேல் முக்கோணமாக, கோடு போட்டு வெட்டினது போல விழுந்து கிடந்தது. நான் பார்த்தது நிழலின் கடைசி நிமிடங்கள், மங்கிக்கொண்டு வந்தது. மலை ஒன்றும் அவ்வளவு கூர்மையான கூம்பு இல்லை. நிழல் வெகுதூரம் நீள்வதால், தண்டவாளம் தூரத்தில் ஒன்றுசேர்வது போல் நுனி குறுகித் தெரிகிறதாம்.

பாதத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அம்மா ஏமாறக் கூடாது. ரேஸ் கோர்ஸ் ரோட்டில் பார்த்த மாதிரி சிப்பி, சக்கரம் எல்லாம் அங்கே தெரியாது. சின்னக் கோவில், செருப்பைக் கழற்றி வரிசையில் போக வேண்டும். துணி போர்த்திய கல்பீடம், மேலே பூக்கள். உண்மையான சுவடு அதற்கு அடியில் இருப்பதாக நம்பிக்கை. தலை தாழ்த்திக் கும்பிட்டு நகர வேண்டியதுதான், உள்ளே படம் எடுக்க விடமாட்டார்கள். வெறுங்காலில் அந்தச் சிமெண்டுத் தரையின் குளிர் இருக்கிறதே, அதுதான் எனக்கு இன்றும் நினைவில் நிற்கிறது. விடியற்காலையில் மேலே பத்து டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும், காற்று வேறு. வேர்த்து ஏறிய சட்டையோடு நின்றால் பல் கிடுகிடுக்கும். உலர்ந்த பனியன் ஒன்று பையில் கட்டாயம் வேண்டும்.

இப்போது லிப்ட் விஷயத்துக்கு வருகிறேன். ஏறும்போது என் கால் ஒரு குறையும் சொல்லவில்லை. பத்துச் சுற்று வேலை செய்திருந்தது. இறங்கத் தொடங்கி நூறு படி ஆகவில்லை, தொடை இரண்டும் தையல் மெஷின் மாதிரி நடுங்க ஆரம்பித்தது. ஏறுவதற்கும் இறங்குவதற்கும் தசை ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைத் தாங்குகிறது, வலியை உண்டாக்குவது அதுதான். ஆறு வாரம் நான் அந்த வேலையை லிப்டிடம் கொடுத்திருந்தேன்! நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்கினேன். ஏற நாலு மணி நேரம், இறங்கவும் நாலு மணி நேரம். அடுத்த இரண்டு நாள் கழிவறையில் உட்கார்ந்து எழ ஆள் துணை தேவைப்பட்டது. மச்சான் இன்னும் அதை எல்லாக் கல்யாண வீட்டிலும் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

அதனால் அம்மாவுக்கு என் யோசனை இதுதான்: படியில் ஏறி லிப்டில் இறங்க வேண்டாம், லிப்டில் ஏறிப் படியில் இறங்கிப் பழகட்டும். முதல் வாரம் மூன்று மாடி போதும், மெதுவாகக் கூட்டலாம். முழங்கால் முணுமுணுத்தால் முதலில் டாக்டரைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். இரண்டு கைக்கும் ஊன்றுகோல், அடியில் ரப்பர் வைத்தது.

நேரத்துக்கு வந்தால், பத்து மணிக்கே கிளம்பிவிடுங்கள். கடைக்குக் கடை உட்கார்ந்து, பேசி, குடித்து, எட்டு மணி நேரத்தில் ஏறட்டும். "மூணு மணி நேரம் போதும்" என்று யாராவது சொன்னால் அவர்கள் வயதைக் கேளுங்கள்.

அட்டைக்கடி_ஆறுமுகம்:

மாமா சொன்னதெல்லாம் சீசன் கதை. சீசன் இல்லாத மாதம் மட்டும் வேண்டவே வேண்டாம். நான் ஆகஸ்டில் போனேன், டிக்கெட் மலிவாகக் கிடைத்தது என்று. பாதை விளக்கு கிடையாது, கடை கிடையாது, மேலே கோவில் பூட்டு. மழையில் வழுக்குகிற படி, மூட்டத்தில் முன்னால் போகிறவன் முதுகுகூடத் தெரியவில்லை. துணைக்கு வந்தது அட்டை மட்டும்தான். சாக்ஸைக் கழற்றியபோது ஏழு. உப்பு கொண்டுபோயிருந்தேன், ரூமில் வைத்துவிட்டுப் போயிருந்தேன்.

மஸ்கெலியா_பொண்ணு:

வணக்கம் அக்கா. எனக்கு ஊர் மஸ்கெலியா, இங்கே நர்ஸ் வேலை. பாதமலையைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடம் போன பிள்ளை நான், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுவேன்.

சீசன் என்பது டிசம்பர் மாதப் போயாவில் தொடங்கி மே மாத வெசாக் போயா வரைக்கும். போயா என்றால் பௌர்ணமி, அங்கே மாதா மாதம் அரசாங்க விடுமுறை. போயா நாளிலும் வார இறுதியிலும் போனீர்கள் என்றால் கடைசிப் படிகளில் மணிக்கணக்காக நிற்க வேண்டும். ஒரு படி ஏறினால் பத்து நிமிடம் நிற்பீர்கள், குளிரில். அம்மாவுக்கு அது ஏறுவதைவிடக் கஷ்டம். மாமா அறியாமலே நல்ல நாள் பிடித்திருக்கிறார்: சீனப் புத்தாண்டு எப்போதும் அமாவாசையில்தான் வரும், அதனால் போயாக் கூட்டத்தில் மாட்டவே மாட்டீர்கள். வார இறுதியை மட்டும் தவிர்த்தால் போதும். தைப்பூசத்தை ஒட்டி லீவு போட்டுப் போகலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். பூசம் பௌர்ணமியை ஒட்டி வரும், 2024இல் இரண்டும் ஒரே நாள், ஜனவரி 25.

வழி: கொழும்பிலிருந்து ஹட்டனுக்கு ரயில் அல்லது பஸ். ஹட்டனிலிருந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் பஸ். சீசனில் நேர் பஸ்ஸே ஓடும். ஆங்கில வரைபடத்தில் டல்ஹவுசி என்று போட்டிருப்பார்கள், பஸ்ஸில் நல்லதண்ணி என்றே கேளுங்கள். இரத்தினபுரிப் பக்கமிருந்தும் பாதை உண்டு, அது இன்னும் நீளம், இன்னும் ஏற்றம். 14ஆம் நூற்றாண்டில் இப்னு பதூதா வந்தபோதே மலையில் சங்கிலி பிடித்து ஏறியதை எழுதி வைத்திருக்கிறார். அம்மாவுக்கு ஹட்டன் பாதைதான்.

பஸ் மவுசாக்கலை நீர்த்தேக்கத்தை ஒட்டிப் போகும்போது அம்மாவை ஜன்னல் பக்கம் உட்கார வையுங்கள். பழைய மஸ்கெலியா டவுன் அந்தத் தண்ணீருக்கு அடியில்தான் இருக்கிறது. மழை குறைந்த வருடங்களில் தண்ணீர் இறங்கும்போது பழைய கோவில் வெளியே தெரியும். ஒரு தடவை எங்கள் பாட்டி சேற்றுக்குள் இறங்கிப் போய், தனக்குக் கல்யாணம் நடந்த இடத்தில் சூடம் ஏற்றிவிட்டு வந்தார்.

சாப்பாட்டுக்குப் பயமே வேண்டாம். ரொட்டி, பருப்பு வடை, கடலை, பிஸ்கட், வாழைப்பழம், தேத்தண்ணி எல்லாம் கடைகளில் கிடைக்கும். மேலே போகப் போக விலை கூடும், எல்லாம் ஆள் தலையில் சுமந்து ஏற்றியது, பேரம் பேசாதீர்கள். யாத்திரைக்குப் போகிறவர்களுக்குச் சோறு போடுவது அங்கே நேற்று வந்த பழக்கம் இல்லை. 900 வருடத்துக்கு முன்பே முதலாம் விஜயபாகு மன்னன் அதற்காக ஏற்பாடு செய்ததை அம்பகமுவ கல்வெட்டு சொல்கிறது. கழிப்பறை கீழ்ப்பாதியில் அடிக்கடி உண்டு, மேலே போகப் போகக் குறையும். கடைசிக் கழிப்பறை எங்கே என்று கடையில் கேட்டு, முடித்துக்கொண்டு ஏறுங்கள். குப்பையைத் திரும்பக் கொண்டுவாருங்கள், சுற்றிலும் பாதுகாக்கப்பட்ட காடு.

ஒரு விஷயத்தில் மாமாவோடு எனக்கு ஒத்துப்போகாது. ராத்திரி பத்து மணிக்கு 63 வயது அம்மாவைத் தூக்கம் கெடுத்து ஏற்ற வேண்டாம். முதல் நாள் நல்லதண்ணியில் தங்கித் தூங்கட்டும். காலை ஆறு மணிக்கு, வெளிச்சம் வரும் நேரத்தில் கிளம்புங்கள். நீங்கள் ஏறும்போது கூட்டம் எதிர்த்திசையில் இறங்கிக்கொண்டிருக்கும், மேலே போகும்போது கோவில் காலியாக இருக்கும். படி எங்கே உயரம், எங்கே ஈரம் என்று கண்ணுக்குத் தெரியும். வெயில் உறைக்கும், தொப்பியும் தண்ணீரும் வேண்டும். மத்தியானம் மூட்டம் வந்தால் தூரத்துக் காட்சி போய்விடும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் வார்டில் பார்க்கிறேன், வயதானவர்கள் இருட்டில் ஒரு படி தப்பினால் அதற்கு அப்புறம் ஆறு மாதம் படுக்கை.

அப்புறம், முதல் தடவை ஏறுகிறவர்களைச் சிங்களத்தில் "கோடு" என்பார்கள். கேலி கொஞ்சம் இருக்கும், ஆனால் வழியும் விடுவார்கள். இறங்கி வருகிறவர்கள் "கருணாவயி" என்று சொன்னால் திருப்பிச் சொல்லுங்கள். வழியில் ஓரிடத்தில் வெள்ளை நூல் நீளமாகக் கட்டிக் கிடக்கும், புத்தர் அங்கே உட்கார்ந்து கிழிந்த சீவர ஆடையைத் தைத்தார் என்று ஐதீகம். அம்மாவுக்கு ஒரு நூல்கண்டு வாங்கிக் கொடுங்கள். எங்கள் பாட்டி ஒரு சட்டம் வைத்திருந்தார்: "இன்னும் எவ்வளவு தூரம்" என்று மலையில் யாரும் கேட்கக் கூடாது. கேட்டால் தூரம் கூடுமாம்.

தேக்கா_தமிழன்:

பெயரிலேயே சிவன் இருக்கிறார். பிறகு ஏன் எல்லாரும் புத்தர் பாதம், புத்தர் பாதம் என்று எழுதுகிறீர்கள்?

மஸ்கெலியா_பொண்ணு:

அண்ணா, பௌத்தர்களுக்கு ஸ்ரீபாத, புத்தர் மூன்றாவது தடவை இலங்கைக்கு வந்தபோது பதித்த இடது பாதம். நமக்குச் சிவனொளிபாதம். முஸ்லிம்களுக்குப் பாவாதமலை, ஆதம் நபி இறங்கிய இடம். கிறிஸ்தவர்களில் சிலர் புனித தோமையார் பாதம் என்பார்கள். மலையைக் காக்கும் தெய்வம் சமன். கோவிலை நடத்துவது பிக்குமார். எங்கள் தோட்டத்தில் நான் பார்த்தவரை, வரிசையில் நிற்கும்போது யார் பாதம் என்று ஒருவரும் ஒருவரைக் கேட்டதில்லை. முன்னால் நிற்பவரின் கால் நம் காலை மிதிக்காமல் இருந்தால் போதும் என்றுதான் இருக்கும்.

கப்பல்பட்டறை_மாமா:

வாட்டர்லூ ஸ்திரீட்டில் குவான் இம் கோவிலுக்கு வருகிற சீன ஆயாக்கள் பக்கத்துக் கிருஷ்ணன் கோவிலிலும் ஊதுபத்தி ஏற்றிவிட்டுப் போவதைப் பார்த்ததில்லையா தம்பி? அந்த மாதிரிதான்.

நர்ஸ் தங்கச்சி சொன்ன ஆறு மணி யோசனை நல்லது. நான் சூரியோதயப் பைத்தியத்தில் எழுதிவிட்டேன். அம்மாவுக்கு அதுவே சரி.

தோபாயோ_மகள்:

எல்லாருக்கும் மிகவும் நன்றி. எங்கள் புளோக்கில் 11 மாடி, மாமா. நீங்கள் எழுதியதை அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். தையல் மெஷின் இடத்தில் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். டாக்டரைப் பார்த்தோம், எக்ஸ்ரே எடுத்துவிட்டுச் "செய்யலாம், மெதுவாக" என்றார். முந்தாநாள் முதல் லிப்டில் மூன்றாம் மாடிக்குப் போய்ப் படியில் இறங்குகிறார். கீழே வாய்டு டெக்கில் உட்கார்ந்திருக்கும் தாத்தாக்கள், லிப்ட் கெட்டுப்போய்விட்டதா என்று கேட்கிறார்களாம்.

வரும் சீனப் புத்தாண்டுக்கு டிக்கெட் பார்க்கிறேன், வார நாளில் ஏறுகிற மாதிரி. பாதி வழியில் முடியவில்லை என்றால் தேநீர்க் கடையில் கருப்பட்டி கடித்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று இப்போதே ஒப்பந்தம் போட்டிருக்கிறோம். கையெழுத்து மட்டும் போடமாட்டேன் என்கிறார்.

அம்மாவிடமிருந்து ஒரு கேள்வி. உச்சியில் மணி இருக்கிறதாமே, எத்தனை தடவை மலை ஏறியிருக்கிறோமோ அத்தனை தடவை அடிக்கலாமாம். பத்துமலை ஏறினதையும் அதில் சேர்த்துக்கொள்ளலாமா?

மஸ்கெலியா_பொண்ணு:

கூடாது என்று சொல்லுங்கள் அக்கா. ஒரே ஒரு அடி. எங்கள் பாட்டி பதினேழு அடித்தவர், கீழே தோட்டத்து லயன் வீட்டில் நாங்கள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம், ஒன்றும் கேட்காது. ஆனாலும் எண்ணுவோம்.